மாட்டின் இரத்தத்தோடு எங்கள் இரத்தத்தையும் ஏன் கேட்கிறார்கள்?

ஏரிக்கரை (பாகூர்)

எங்கள் தெருவில் ஏழெட்டு வீடுகளில் கறவை மாடு உண்டு. சென்ற வாரம் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆசிரியர் ஒருவரும் மாணவர்கள் சிலரும் வந்தார்கள். மாட்டின் கழுத்து நரம்பில் இரத்தம் எடுத்து, சிவப்பு மூடிக் குழாயில் கொஞ்சம், ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் என்று பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். பிறகு நான்கு குழி உள்ள ஒரு தட்டில் காம்புக்கு ஒரு குழியாகப் பாலைப் பீய்ச்சி, ஊதாக் கரைசல் ஊற்றிச் சுழற்றினார்கள். மூன்று குழிகளில் பால் தண்ணீராகவே ஓடியது. பின்பக்க வலது காம்பின் பால் மட்டும் கொழகொழவென்று இறுகிவிட்டது. "மடிநோய் உள்ளே தொடங்கிவிட்டது, கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை" என்றார் ஆசிரியர். அதுவரை எங்களுக்கு மகிழ்ச்சிதான்.

அடுத்து ஒரு படிவத்தை நீட்டி, மாட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களின் இரத்தமும் ஐந்து மில்லி வேண்டும் என்றார்கள். என் மனைவி பேச்சே இல்லாமல் உள்ளே போய்விட்டாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அடுத்த வாரம் மறுபடி வருகிறார்கள். மாட்டு டாக்டருக்கு மனித இரத்தம் எதற்கு? கொடுத்தால் எங்களுக்கு என்ன லாபம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெடிலம் (திருப்பாதிரிப்புலியூர்)

தம்பி, நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாட்டையும் மாட்டுக்காரரையும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்றால் பெரும்பாலும் கன்றுவீச்சு நோயைத் தேடுகிறார்கள், அதாவது புருசெல்லா கிருமி. இல்லையென்றால் எலிக்காய்ச்சல். இரண்டும் தொழுவத்திலிருந்து வீட்டுக்குள் வரக்கூடியவை.

சோதனை எளிது. உறைந்த இரத்தத்தின் மேல் தெளிந்து நிற்கும் நீரில் ஒரு சொட்டு, ரோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்புக் கரைசலில் ஒரு சொட்டு, கண்ணாடித் தட்டில் சேர்த்து நான்கு நிமிடம் ஆட்ட வேண்டும். கிருமி தொட்ட மாடென்றால் அந்தச் சொட்டு மணல்மணலாகத் திரிந்துவிடும். தொடாத மாடென்றால் வழவழப்பாகவே இருக்கும். மேற்கொண்டு உறுதி செய்ய வேறு சோதனைகள் உண்டு.

உங்களிடம் இரண்டு கேள்விகள். தெருவில் எந்த மாடாவது ஆறு, ஏழு, எட்டு மாதச் சினையில் கன்று வீசியதா? வீசியிருந்தால் நஞ்சுக்கொடியை யார், எப்படி எடுத்தார்கள்?

ஏரிக்கரை (பாகூர்)

ஐயா, வீசியது. மாசி மாதம் பக்கத்து வீட்டு ஜெர்சிக் கலப்பு, ஏழாம் மாதம். நஞ்சுக்கொடி விழாமல் கிடந்ததால் அந்த அண்ணனே கையை விட்டு எடுத்துப் போட்டார். கையுறை எல்லாம் ஏது? நீங்கள் கேட்டதும்தான் நினைவுக்கு வருகிறது: பங்குனியிலிருந்து அவருக்கு மாலையானால் மேல் சூடு, விடிந்தால் சட்டை நனைய வியர்வை, இடுப்பு வலி. எலும்பு டாக்டரிடம் காட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

வெண்புறா (வில்லியனூர்)

கால்நடை மருத்துவ முதுநிலை மாணவி நான். அந்த அண்ணனுக்கு அதுதான் என்று இங்கிருந்தபடி யாரும் சொல்ல முடியாது. ஆனால் இரத்தம் கொடுக்க வேண்டிய முதல் ஆள் அவர்தான். புருசெல்லாக் காய்ச்சல் ஏறும், இறங்கும், சில நாள் காணாமல் போகும், மறுபடி வரும். மூட்டு வலி, முதுகு வலி என்று ஆளை அலைக்கழிக்கும். கண்டுபிடித்துவிட்டால் இரண்டு வகை மருந்தைச் சேர்த்துச் சில வாரங்கள் சாப்பிட வேண்டியிருக்கும்.

இந்தக் கிருமியின் கதையே உங்கள் கேள்விக்குப் பதில். 1887இல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் ஒரு கிருமியைக் கண்டார். அது ஆட்டிலிருந்து வருகிறது என்று 1905இல்தான் தெமிஸ்டோக்லிஸ் சாமிட் கண்டறிந்தார். இடையில் 1897இல் டென்மார்க்கின் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் பெர்னார்ட் பாங், கன்று வீசும் மாடுகளில் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்திருந்தார். சிப்பாயின் காய்ச்சல் ஒரு துறைக்குச் சொந்தம், மாட்டின் கருச்சிதைவு இன்னொரு துறைக்குச் சொந்தம். இரண்டு கிருமிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 1918இல் ஆலிஸ் எவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதைச் செய்தார். இரண்டும் நெருங்கிய உறவு, காய்ச்சாத பால் ஆபத்து என்றார். பெண், அதிலும் டாக்டர் பட்டம் இல்லாதவர் என்று பெரியவர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1922இல் அவருக்கே அந்தக் காய்ச்சல் தொற்றிப் பல ஆண்டுகள் வாட்டியது.

மாட்டின் குழாயும் மனிதரின் குழாயும் ஒரே ஐஸ் பெட்டியில் போவதற்குக் காரணம் இதுதான் அண்ணா.

முந்திரிக்காடு (பண்ருட்டி)

கதை நன்றாக இருக்கிறது. நடப்பைச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கும் ஒரு கல்லூரியிலிருந்து வந்தார்கள். பெயர் வேண்டாம். மாட்டிலும் எடுத்தார்கள், ஆட்டிலும் எடுத்தார்கள், ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்கள். முடிவு அனுப்புகிறோம் என்று கைப்பேசி எண் வாங்கிப் போனவர்கள்தான். எங்கள் மாடுகளுக்கு நோய் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் பட்டம் வாங்கியிருப்பார். பக்கத்து மருந்தகத்தில் டாக்டர் வாரத்தில் பாதி நாள் கிடைப்பதில்லை. கன்று குறுக்கே நின்றால் நாங்கள் கூப்பிடுவது நாட்டு வைத்தியரைத்தான். ஆராய்ச்சியால் மனித குலம் உய்கிறது என்று வெண்புறா எழுதலாம். எங்கள் மாடு உய்ந்ததா என்பதுதான் கேள்வி.

வெண்புறா (வில்லியனூர்)

அண்ணா, முடிவைச் சொல்லாமல் போனது தவறு. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மனித இரத்தம் எடுக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். எதற்காக எடுக்கிறோம், முடிவை எப்படித் தெரிவிப்போம் என்று தமிழில் எழுதிய தாள் ஒன்றும் தர வேண்டும். தராவிட்டால் கையை நீட்டாதீர்கள். ஆனால் ஒருவர் சரியாக நடக்கவில்லை என்பதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று ஏரிக்கரை அண்ணன் முடிவு செய்தால், நஷ்டம் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு.

இரண்டாம் வால்வு (நெல்லிக்குப்பம்)

நான் மாடு வளர்ப்பவன் இல்லை, சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவன். இந்த இழையில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்து, பிறகு உலோக வால்வு வைத்தார்கள். அதில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க இரவு எட்டு மணிக்கு வார்ஃபரின் மாத்திரை. முதலில் அந்தப் பெயரைக் கேட்ட என் மைத்துனர், உரக்கடையில் எலிக்கு விற்பார்களே, அதுவா என்றார். அதேதான். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்ததை எழுதுகிறேன்.

1920களின் தொடக்கத்தில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் காரணமில்லாமல் இரத்தம் கசிந்து செத்தன. கொம்பு அறுத்தாலும் காயடித்தாலும் இரத்தம் நிற்காது. தொற்று நோய் என்று ஊரே நினைத்தது. ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் தீவனத்தைச் சந்தேகித்தார். இனிப்புக் குளோவர் என்பது அங்கே வைக்கோல் போலக் காயவைத்துப் போடும் ஒரு பயறுச் செடி. ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளைத் தனியாகவும் பூஞ்சணம் பிடித்த தண்டுகளைத் தனியாகவும் பொறுக்கி முயல்களுக்குக் கொடுத்தார். நல்லதைத் தின்ற முயல் பிழைத்தது, கெட்டதைத் தின்றது இரத்தம் கசிந்து செத்தது. பிறகு வடக்கு டகோட்டாவில் லீ ரோடரிக் என்ற கால்நடை நோயியலர், இரத்தம் உறையத் தேவையான புரோத்ராம்பின் குறைவதுதான் காரணம் என்று காட்டினார்.

1933 பிப்ரவரியில், பனிப்புயலில், எட் கார்ல்சன் என்ற விவசாயி செத்த கிடாரியையும் உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும் ஒரு கட்டுக் கெட்டுப்போன தீவனத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவர் தேடிப்போன அலுவலகம் மூடியிருந்தது. கண்ணில் பட்ட கதவைத் தட்டினார். அது வேதியியலர் கார்ல் பால் லிங்கின் ஆய்வகம். அந்தத் தீவனத்திலிருந்து நஞ்சைத் தனியாகப் பிரிக்க லிங்கின் குழுவுக்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு அனுமதி. நஞ்சுக்கு மாற்று வைட்டமின் கே என்பதும் தெரிந்திருந்ததால் டாக்டர்கள் துணிந்தார்கள். எனக்கு முருங்கைக்கீரையை வாரத்துக்கு வாரம் அளவு மாற்றிச் சாப்பிடாதே என்று சொல்வதும் அதே வைட்டமினை நினைத்துத்தான்.

அந்த விவசாயிக்கு அன்று கிடைத்த பதில், "இந்தத் தீவனத்தைப் போடாதே" என்பது மட்டும்தான். மாடுகளைக் காப்பாற்ற மருந்து எதுவும் கொடுக்க முடியவில்லை. முந்திரிக்காடு கேட்பது நியாயமான கேள்வி என்பதற்காக இதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முந்திரிக்காடு (பண்ருட்டி)

நேர்மையாக எழுதியதற்கு நன்றி ஐயா. ஆனால் கனடா, விஸ்கான்சின், டென்மார்க். நம் மண்ணில் என்ன நடந்தது?

கெடிலம் (திருப்பாதிரிப்புலியூர்)

நம் மண்ணா? வெக்கை நோயைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காததுதான் பதில்.

காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர், வாய்க்குள் தவிடு தூவியது போன்ற வெள்ளைப் புண், பிறகு பீய்ச்சியடிக்கும் கழிச்சல். ஒரு வாரத்தில் தொழுவம் காலி. உழவு மாடு போனால் அந்தப் பருவ நடவே போகும், கடன் ஏறும். கிழவர்கள் இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைக் குளோது பூர்ஷெலா 1761இல் பிரான்ஸின் லியோன் நகரில் தொடங்கியதற்கே இந்த நோய் ஒரு முக்கியக் காரணம்.

இந்தியாவில் இமயமலைச் சரிவில் முக்தேஸ்வர் ஆய்வகத்தில், ஜே.டி. எட்வர்ட்ஸ் 1920களில் இந்தக் கிருமியை ஆட்டுக்கு ஆடு மாற்றிச் செலுத்தி வீரியத்தைக் குறைத்தார். அதுவே நம் நாட்டு மாடுகளுக்குத் தடுப்பூசியானது. கோடிக்கணக்கில் போடப்பட்டது. சில இனங்களுக்கு அது தாங்கவில்லை. பிறகு கென்யாவில் வால்டர் ப்ளோரைட் என்ற கால்நடை மருத்துவர் கண்ணாடிக் குடுவையில் வளர்த்த உயிரணுக்களில் கிருமியைப் பழக்கி, எல்லா மாட்டுக்கும் ஏற்ற ஊசியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் கடைசியாக இந்த நோய் பதிவானது 1995இல். 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இதுதான்.

நான் ஊசி போட்ட ஊர்களில் எத்தனையோ வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். பால் குறையும், சினை கலையும் என்று பயம். ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் காளையை முதலில் பிடித்துக் கொடுத்த பிறகே வரிசை வந்தது.

இன்னொன்று. நீங்கள் மடிநோய்க்கு என்ன செய்கிறீர்கள்?

முந்திரிக்காடு (பண்ருட்டி)

கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்து மடி முழுக்கப் பூசுவோம். தொடக்கத்திலேயே பிடித்தால் கேட்கிறது. அது நாட்டு வைத்தியம் ஐயா, கல்லூரி கொடுத்ததில்லை.

கெடிலம் (திருப்பாதிரிப்புலியூர்)

சரக்கு நம்முடையது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்று அளவு கட்டி, நாளைக்குப் பல தடவை பூச வேண்டும் என்று முறைப்படுத்தி ஊர் ஊராகக் கொண்டுபோனது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் அவரோடு இருந்தவர்களும். அதைத் தேசியப் பால்வள வாரியம் வட இந்தியா வரைக்கும் சொல்லிக் கொடுக்கிறது. பாலில் ஆன்டிபயாடிக் கலப்பது குறைந்தால் அந்தப் பாலைக் குடிக்கும் பிள்ளைக்கு லாபம். கடலூர் செம்மண்டலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. ஒரு நடை போய் வாருங்கள். உங்கள் ஊர்ச் சோதனை முடிவு பற்றியும் எங்கே கேட்பது என்று அங்கே விசாரிக்கலாம்.

முந்திரிக்காடு (பண்ருட்டி)

அளவு கட்டியது அவர்கள் என்று தெரியாது. சரி, போகிறேன். டாக்டர் பற்றாக்குறை பற்றி நான் சொன்னதை மட்டும் யாரும் தொடவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

மணிக்கூண்டு (முத்தியால்பேட்டை)

ஏரிக்கரை தம்பியின் மனைவிக்குச் சொல்லுங்கள்: புதுச்சேரியில் இரத்தம் கேட்டு வீட்டுக்கு ஆள் வருவது புதிதா அம்மா? நாங்கள் சின்னப் பெண்களாக இருந்தபோது யானைக்கால் நோய்க்காக இராத்திரியில் கதவைத் தட்டுவார்கள். அந்தப் புழுக்குஞ்சு இரவில்தான் இரத்தத்தில் உலவும் என்பதால் தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தினார்கள். திட்டிக்கொண்டே நீட்டுவோம். 1975இல் இந்திரா நகரில் கொசு ஆராய்ச்சி மையம் வந்தது. சாக்கடை, கிணறு, கழிவுத்தொட்டி என்று கொசு முட்டையிடும் இடமெல்லாம் துருவினார்கள். இன்று தெருவில் வீங்கிய காலோடு நடக்கும் இளைஞர் யாரையும் நான் பார்ப்பதில்லை.

இந்த நோய்க்கு இப்போது சேர்த்துக் கொடுக்கும் மூன்று மாத்திரைகளில் ஐவர்மெக்டின், அல்பெண்டசோல் இரண்டும் முதலில் ஆடு மாடுகளின் புழுவுக்கு வந்த மருந்துகள் என்று என் மகள் சொன்னாள். அவள் மருந்தாளுநர்.

முந்திரிக்காடு (பண்ருட்டி)

அம்மா, ஐவர்மெக்டின் கல்லூரி கண்டுபிடித்ததில்லை. ஜப்பானில் சதோஷி ஓமுரா எடுத்த மண், மெர்க் என்ற மருந்துக் கம்பெனியின் ஆய்வகம். நானும் படிப்பவன்தான்.

வெண்புறா (வில்லியனூர்)

உண்மை. எல்லாப் புகழையும் எங்கள் கல்லூரிகளுக்கே எழுதிக்கொள்ளக் கூடாது. ஆனால் பிறந்த குழந்தையின் இடது கையில் போடும் பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசியில் எங்களுக்குப் பங்கு உண்டு. அதை உருவாக்கிய இருவரில் கால்மெட் டாக்டர், அவரோடு உழைத்த கமில் கெரான் கால்நடை மருத்துவர். மாட்டுக் காசநோய்க் கிருமியை மாட்டுப் பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் 1908 முதல் 1921 வரை 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கினார்கள். முதல் உலகப் போர் நடுவில் வந்தும் விடவில்லை. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று நம் செங்கல்பட்டில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோயைத் தடுக்கிறது என்பதால் இன்றும் போடுகிறோம்.

உப்பங்காற்று (கடற்கரைச் சாலை, புதுச்சேரி)

பசுவுக்கு வலி ஊசி போடுகிறவர்கள் கவனத்துக்கு ஒன்று. பிணந்தின்னிக் கழுகுகள் இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. கிருமியா, பூச்சிமருந்தா என்று பலர் தேடினார்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடைக் கல்லூரியின் லிண்ட்சே ஓக்ஸ், பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்து, டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாட்டின் பிணத்தைத் தின்றதால் சிறுநீரகம் செத்துப்போகிறது என்று 2004இல் எழுதினார். 2006இல் இந்தியா அதை மாட்டுக்குத் தடை செய்தது. அதே வலிக்குப் போடும் மெலாக்சிகாம் என்ற மருந்து கழுகுக்குக் கெடுதி செய்வதில்லை. ஊசி போட வருபவரிடம் மருந்துப் பெயரைக் கேளுங்கள். நம் மாநிலங்களில் முதுமலை, மோயாறு பக்கம் கொஞ்சம் கழுகுகள் மிஞ்சியிருக்கின்றன.

கழுகு இல்லாத ஊரில் பிணத்தைத் தின்று நாய் பெருகுகிறது, நாய்க்கடி பெருகுகிறது. ரேபிஸ் தடுப்பூசி என்றால் பாஸ்டர் பெயர்தான் வரும். அவருக்கு முன்பே முயலில் இந்த நோயை வளர்த்துக் காட்டியவர் லியோன் கால்நடைப் பள்ளிப் பேராசிரியர் கால்தியே, 1879இல். இப்போது நம் ஊர் நாய்களை என்ன செய்வது என்றால்

நெறியாளர்

தெருநாய்களுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே ஏற்கெனவே போதுமான சண்டை நடக்கிறது.

இரவுப்பணி (கொரிமேடு)

செவிலியராக இருக்கிறேன். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். காய்ச்சலோடு வருகிறவர்கள் சர்க்கரை உண்டு, அழுத்தம் உண்டு என்று சொல்வார்கள். மாடு வளர்க்கிறேன், வயலில் வெறுங்காலோடு நின்றேன் என்று சொல்லவே மாட்டார்கள். நாங்களும் பல நேரம் கேட்பதில்லை. 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை உடைத்துக்கொண்டு வந்ததே, அப்படித் தேங்கிய நீரில் எலியின் சிறுநீரும் மாட்டின் சிறுநீரும் கலந்திருக்கும். காலில் சின்ன வெடிப்பு போதும், எலிக்காய்ச்சல் கிருமி நுழைந்துவிடும். மழைக்காலம் முடியும் நேரத்தில் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக்காய்ச்சலும் இங்கே வரும். அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டது போல் கறுத்த பொருக்கு இருந்தால் வெட்கப்படாமல் காட்டுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணனை எலும்பு டாக்டரிடமிருந்து பொது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக, கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்தேன் என்று சொல்லட்டும். கல்லூரிக்காரர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஏரிக்கரை (பாகூர்)

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் பேசிவிட்டேன். நாளைக் காலை பஸ்ஸில் அழைத்துப் போகிறேன். அவர் மனைவிதான் என்னைவிட அவசரப்படுகிறார். கல்லூரி ஆசிரியரிடமும் கைப்பேசியில் பேசினேன். தமிழில் தாள் தருகிறோம், மாட்டின் முடிவையும் ஆளின் முடிவையும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கிறோம் என்றார். எந்தத் தேதிக்குள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி ஒரு தேதி சொன்னார். அதையும் தாளில் எழுதச் சொல்லியிருக்கிறேன். என் மனைவி, மாட்டுக்கு எடுத்த ஊசி இல்லாமல் புது ஊசி பிரித்து எடுப்பதைக் கண்ணால் பார்த்தால் கொடுக்கிறேன் என்கிறாள்.

முந்திரிக்காடு (பண்ருட்டி)

முடிவு வந்தால் இங்கே எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள்.

ஏரிக்கரை (பாகூர்)

கட்டாயம். கெடிலம் ஐயா, கடைசியாக ஒன்று. எங்கள் சிவலை ஐந்து மாதச் சினை. அதற்கும் இரத்தம் எடுக்கலாமா? தடுப்பூசியும் போடச் சொல்லட்டுமா?

கெடிலம் (திருப்பாதிரிப்புலியூர்)

இரத்தம் எடுக்கலாம், சினைக்கு ஒன்றும் ஆகாது. கன்றுவீச்சுத் தடுப்பூசி மட்டும் சினை மாட்டுக்குக் கூடாது. அது நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் இருக்கும் கிடாரிக் கன்றுக்கு, ஆயுளுக்கு ஒரு தடவை. உங்கள் தெருவில் அந்த வயதில் கன்று இருந்தால் மருந்தகத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். சிவலை கன்று போடும்போது நஞ்சுக்கொடி தானாக விழவில்லையென்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். விழுந்ததைக் கையுறை போட்டு எடுத்து, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். நாய் இழுக்க விடக் கூடாது. பாலைப் பொங்கக் காய்ச்சாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், சீம்பாலானாலும் சரி.